மூக்கு சின்னது... பில் பெரிசு! ஆபரேஷனுக்கு முன்பே முடிவாகிவிடும் கணக்கு

சென்னை:-

மூக்கடைப்பு என்று டாக்டரிடம் போகிறார்கள். தண்டு வளைந்திருக்கு, ஆபரேஷன் பண்ணணும் என்று பதில் வருகிறது. எவ்வளவு ஆகும் என்று கேட்டால் ஒரு தொகை சொல்கிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ‘இன்சூரன்ஸ்தான் இருக்கே’ என்று தெம்பாகப் போனவர்கள்கூட கவுண்ட்டரில் நின்றுகொண்டு மச்சானுக்கும் மாமனாருக்கும் போன் போட வேண்டி வருகிறது.

காது, மூக்கு, தொண்டை பிரிவில் அடிக்கடி நடக்கும் ஆபரேஷன்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெளியில் தையல் தெரியாது. உயிருக்கு ஆபத்து வருவது ரொம்ப அபூர்வம். அதனாலேயே ‘சின்ன ஆபரேஷன்தானே’ என்று நினைத்து யாரும் பேப்பரைப் படிப்பதில்லை. நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த பில் டிஸ்சார்ஜ் அன்று போடப்படுவது இல்லை. டாக்டர் சீட்டில் எந்த ஆபரேஷன் பெயரை எழுதுகிறார், ‘எத்தனை வருஷமா இருக்கு’ என்ற கேள்விக்கு என்ன பதில் பதிவாகிறது, எந்த ரூம் எடுக்கிறோம் ஆகிய மூன்றிலேயே முக்கால்வாசி கணக்கு முடிந்துவிடுகிறது. மூன்றுமே அட்மிட் ஆகும் முன்பு நடப்பவை.

பில்லில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் மூக்குக்குள் ஒரு இடம் உண்டு. அந்த இடம் தெரிந்தால் பில்லும் பாதி புரிந்துவிடும்.

மூக்குக்குள் என்ன இருக்கு?

இரண்டு துவாரத்துக்கும் நடுவில் ஒரு சுவர். முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு. இதைத்தான் ‘தண்டு’ என்கிறார்கள். டாக்டர்கள் பாஷையில் செப்டம். இது ஒருபக்கம் சாய்ந்திருந்தால் சீட்டில் ‘டி.என்.எஸ்.’ என்று மூன்று எழுத்து விழும். சின்ன வயதில் விழுந்தது, கிரிக்கெட் பந்து பட்டது, பைக்கில் மோதியது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிறவியிலேயே வளைந்து வளர்வதும் உண்டு.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. தண்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும் ஆட்கள் கொஞ்சம்தான். பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வளைவு இருக்கத்தான் செய்யும். வளைவு இருப்பது வேறு, வளைவினால் மூச்சு அடைபடுவது வேறு. ஸ்கேனில் தெரிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் ஆபரேஷன் டேபிளில் ஏற வேண்டியதில்லை.

இரண்டு பக்கச் சுவரிலும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று மூன்று சதைமேடுகள் உண்டு. பெயர் டர்பினேட். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைத் தடுத்து நுரையீரலுக்கு அனுப்பும் வேலை இவற்றுடையது. தூசி, புகை, அலர்ஜி பட்டால் கீழே இருக்கும் சதை வீங்கி வழியை அடைத்துவிடும். ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கு’ என்று சொல்வது பல நேரம் இதைத்தான். பாலிப் என்கிற வழவழப்பான சதை வேறு ஜாதி. அது சைனஸ் பக்கத்தில் இருந்து வருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பில்லும் குழம்பும்.

மூன்றாவது இடம் துவாரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் குறுகலான பாகம். இழுத்து மூச்சு விடும்போது சிலருக்கு மூக்கு இறக்கை உள்ளே ஒட்டிக்கொள்ளும். கன்னத்தை விரலால் பக்கவாட்டில் இழுத்தால் காற்று சட்டென்று திறக்கிறதா? அப்படி என்றால் சிக்கல் அந்தக் குறுகலில் இருக்கலாம். அங்கே தப்பு இருக்க, நடுச்சுவரை மட்டும் சரி செய்தால் அடைப்பு போகாது.

இன்னொரு விஷயம். நல்ல மூக்கிலும் இரண்டு துவாரமும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் கொஞ்சம் அடைந்து மறு பக்கம் திறப்பது இயற்கை. எப்போதும் ஒரே பக்கம் அடைப்பு என்றால் சுவர் வளைவு மீது சந்தேகம் போகும். மாறி மாறி அடைத்தால் அலர்ஜியும் சதை வீக்கமுமே பெரும்பாலும் காரணம். ஒரே பக்கம் அடைத்து ரத்தமும் வந்தால் நாள் கடத்தக்கூடாது. கட்டி ஏதும் இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால் புளியங்கொட்டை, பாசிமணி என்று எதையாவது உள்ளே போட்டிருக்கிறதா என்று காட்டுங்கள்.

சொட்டு மருந்தே வில்லன்

மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து போட்டால் இரண்டு நிமிடத்தில் மூக்கு திறக்கும். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று பாட்டிலில் போட்டிருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மருந்து இறங்கியதும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும். திரும்பவும் போட வேண்டும். பாட்டில் இல்லாமல் தூங்க முடியாத நிலைமைக்கு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். டாக்டர் கேட்கும்போது இதைச் சொல்வதில்லை. ‘சாதாரண சொட்டு மருந்துதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு முதல் வைத்தியம் அந்த பாட்டிலை நிறுத்துவதுதான். கத்தி எடுப்பது அப்புறம்.

வழக்கமான வரிசை இதுதான்: உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவுவது, டாக்டர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை நாலு முதல் ஆறு வாரம் ஒழுங்காக அடிப்பது. இந்த ஸ்பிரே சொட்டு மருந்து மாதிரி உடனே திறக்காது, வேலை செய்ய நாள் எடுக்கும். மூன்று நாளில் ‘ஒண்ணும் கேக்கல’ என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

அதற்காக மூக்கு ஆபரேஷன் எல்லாம் காசு பிடுங்கும் வேலை என்று சொல்வதும் தப்பு. நெதர்லாந்தில் 203 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழிலும், பிரிட்டனில் 378 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023-ல் ‘பி.எம்.ஜே.’ இதழிலும் வந்தது. தண்டு வளைவால் நிஜமாகவே மூச்சு அடைபட்டவர்களுக்கு மருந்தைவிட ஆபரேஷனில் நல்ல பலன் கிடைத்தது என்று இரண்டும் சொல்லின. தகுதியான ஆளுக்குச் செய்தால் பலன் உண்டு. தகுதி இருக்கிறதா என்பதை எண்டோஸ்கோபி குழாய் விட்டுப் பார்த்து எழுத வேண்டும். அந்த ரிப்போர்ட்டின் நகல் ஒன்று கையில் இருப்பது நல்லது. பின்னால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

ஒன்று சொல்லி மூன்று வருவது ஏன்?

நடுச்சுவரை நேராக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் செப்டோபிளாஸ்டி. மூக்குக்கு உள்ளேயே வெட்டி, மேல் தோலை விலக்கி, வளைந்த எலும்பையும் குருத்தெலும்பையும் சரி செய்து திரும்ப மூடுவார்கள். அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். முகத்தின் தோற்றம் மாறாது.

வீங்கின சதையைச் சுருக்குவது டர்பினேட் ஆபரேஷன். ரேடியோ அலையால் சுடலாம், மெஷினால் உள்ளேயே செதுக்கலாம். மொத்தமாக வெட்டி எறிவது ஆபத்து. அப்படி எடுத்தால், வழி அகலமாக இருந்தும் மூச்சே போகாத மாதிரி ஒரு தவிப்பு சிலருக்கு வந்துவிடும். அதற்கு மருந்து சுலபம் இல்லை. ‘எவ்வளவு எடுக்கப்போறீங்க டாக்டர்?’ என்று கேட்பதில் தப்பே கிடையாது.

சைனஸ் வாசலைத் திறப்பது ‘பெஸ்’ என்கிற எண்டோஸ்கோபி ஆபரேஷன். இதற்கு சி.டி. ஸ்கேன் கட்டாயம். கண்ணுக்கும் மூளைக்கும் பக்கத்தில் செய்யும் வேலை என்பதால் ஸ்கேன்தான் வரைபடம். வெறும் தண்டு வளைவு மட்டும் என்றால் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. மூக்கின் வெளி உருவத்தையும் சேர்த்துச் சரி செய்வது செப்டோரைனோபிளாஸ்டி. ‘பிளாஸ்டி’, ‘பிளாஸ்டிக் சர்ஜரி’, ‘அழகு ஆபரேஷன்’ என்று பேப்பரில் குழப்பம் வந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். அழகுக்காகச் செய்வதற்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. விபத்தில் உடைந்த மூக்கு, மூச்சு அடைப்புக்காகச் செய்தது என்று டாக்டர் தெளிவாக எழுத வேண்டும்.

எஸ்டிமேட்டில் செப்டோபிளாஸ்டி, டர்பினேட், பெஸ் என்று மூன்றும் வரிசையாக வருவது சகஜம். மூன்றும் நிஜமாகவே தேவைப்படும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் தனித்தனி ஆதாரம் வேண்டும். சதை வீங்கியிருப்பதாக எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் இருக்கிறதா? சைனஸ் அடைபட்டிருப்பது ஸ்கேனில் தெரிகிறதா? இல்லை என்றால் அந்த வரி ஏன் வந்தது என்று கேட்கலாம்.

விலையிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே தடவை மயக்கம், ஒரே தியேட்டர், ஒரே டீம். மூன்று ஆபரேஷனுக்கும் முழு ரேட் போடுவது என்ன நியாயம்? மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரே நேரத்தில் பல ஆபரேஷன் செய்தால் பெரியதற்கு 100 சதவீதம், அடுத்ததற்கு 50, மூன்றாவதற்கு 25 என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் பணம் போகும். தனியார் ஆஸ்பத்திரியில் கைக்காசு கட்டுகிறவருக்கு இந்த விதி பொருந்தாது. பேரம் பேச இது போதும். காய்கறிக் கடையில் பேசுகிறோம், ஆபரேஷனுக்குப் பேசக் கூச்சப்படுகிறோம்.

ரூமில் இருக்கிறது பொறி

பில்லில் பெரிய அடி விழுவது ஆபரேஷன் சார்ஜில் இல்லை. ரூமில்!

‘ஒரு நாள்தானே, ஏ.சி. தனி ரூம் எடுத்துக்கலாம்’ என்று வீட்டில் சொல்வார்கள். பல பாலிசிகளில் ரூம் வாடகைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. எல்லா கம்பெனிகளும் விற்கும் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசி 2020 ஏப்ரலில் வந்தது. அதில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் ரூ.5 ஆயிரம்தான் ஒரு நாள் வாடகை. 2 லட்ச ரூபாய் பாலிசி என்றால் ரூ.4 ஆயிரம்.

வரம்பைத் தாண்டினால் கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளில் ரூம் ஏற ஏற டாக்டர் பீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாமே ஏறும். அதனால் வரம்பைத் தாண்டிய விகிதத்தில் அவற்றையும் கம்பெனி வெட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 லட்ச ரூபாய் பாலிசிக்காரர் ரூ.8 ஆயிரம் ரூமில் ஒரு நாள் தங்குகிறார். சர்ஜன், மயக்க டாக்டர், தியேட்டர் சேர்த்து ரூ.60 ஆயிரம். மருந்து, பொருட்கள் ரூ.12 ஆயிரம். மொத்தம் ரூ.80 ஆயிரம். ரூம் வரம்பு பாதிதான் என்பதால் வாடகையில் ரூ.4 ஆயிரமும், 60 ஆயிரத்தில் 30 ஆயிரமும்தான் கணக்கில் வரும். மருந்துக்கு இந்த வெட்டு கிடையாது, 12 ஆயிரம் முழுசாக வரும். ஆக ரூ.46 ஆயிரம். அதில் 5 சதவீதம் பாலிசிதாரர் பங்கு என்று ரூ.2,300 போகும். கம்பெனி கொடுப்பது ரூ.43,700. கைக்காசு ரூ.36,300!

இதே ஆள் ரூ.4 ஆயிரம் ரூமில் படுத்திருந்து மற்ற சார்ஜ் அதே அளவு இருந்தால் பில் ரூ.76 ஆயிரம். கைக்காசு ரூ.3,800 மட்டும்தான். ஒரு ராத்திரி படுக்கைக்கு 4 ஆயிரம் கூட என்று நினைத்தது 32 ஆயிரத்து 500 ரூபாயில் போய் முடிகிறது. போதாததற்கு, ரூ.5 ஆயிரத்துக்கு மேல் வாடகை உள்ள ரூமுக்கு 2022 ஜூலை 18-ந் தேதி முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 8 ஆயிரம் ரூமுக்கு அது ஒரு 400 ரூபாய்.

இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. எந்த ரூம் எடுத்தாலும் டாக்டர் பீஸ் ஒன்றுதான் என்ற ஆஸ்பத்திரியில் இப்படி விகிதம் போட்டு வெட்டக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட ஆஸ்பத்திரி என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டால் கிளைமில் உதவும்.

பஞ்சுக்கும் பிளேடுக்கும் தனி பில்

பாலிசி புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை யாரும் பிரிப்பதில்லை. அங்கே நாலு பட்டியல் இருக்கும். எது எதற்குத் தனியாகப் பணம் தரமாட்டோம் என்ற பட்டியல்.

பஞ்சு, காஸ் துணி, ஆபரேஷன் பிளேடு, கேமரா உறை, எண்டோஸ்கோபி கருவி, ஷேவர், மயக்க மெஷின் சார்ஜ், தியேட்டர் புக்கிங் சார்ஜ் எல்லாம் ஆபரேஷன் கட்டணத்துக்குள்ளேயே அடங்கணும் என்கிறது ஒரு பட்டியல். மூக்கு ஆபரேஷனில் பாதிச் சாமான் இதுதான்! பைல் போடும் சார்ஜ், டிஸ்சார்ஜ் சார்ஜ், கையில் கட்டும் பெயர்ப்பட்டை, விசிட்டர் பாஸ், விளக்கம் இல்லாத ‘இதர செலவு’ எல்லாம் ரூம் வாடகையில் அடங்க வேண்டியவை.

நடப்பது என்ன? ஆஸ்பத்திரி தனித்தனியாக பில் போடுகிறது. கம்பெனி பட்டியலைக் காட்டி வெட்டுகிறது. நடுவில் நிற்கும் நோயாளி கட்டிவிட்டு வருகிறார். வெட்டப்பட்ட ஒவ்வொரு வரியையும் பார்த்து, இது ஆபரேஷன் கட்டணத்தில் அடங்கியதுதானே, ஏன் தனியாகப் போட்டீங்க என்று பில்லிங் பிரிவில் கேட்டால் பல இடங்களில் குறைத்துக்கொடுக்கிறார்கள். கேட்காதவருக்குக் குறைப்பதில்லை.

மருந்தும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் மெடிக்கலிலேயே வாங்கணும் என்று கட்டாயப்படுத்துவது பற்றிய வழக்கில் 2025 மார்ச் 4-ந் தேதி தீர்ப்பு சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, இதற்குக் கொள்கை வகுப்பதை மாநில அரசுகளிடமே விட்டுவிட்டது. ஆகவே ‘வெளியில் வாங்கி வரலாமா’ என்பதை அட்மிஷனுக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

‘எத்தனை வருஷமா இருக்கு?’

டாக்டர் சாதாரணமாகக் கேட்கிறார். ‘சின்ன வயசுல இருந்தே சார்’ என்று நோயாளி வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். அது கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. போன வருஷம் பாலிசி எடுத்தவர் என்றால் கதை முடிந்தது. பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று கம்பெனி நிராகரித்துவிடும். இந்தக் காத்திருப்பு காலம் அதிகபட்சம் 48 மாதமாக இருந்ததை 2024-ல் 36 மாதமாகக் குறைத்திருக்கிறார்கள்.

பொய் சொல்லச் சொல்வது இல்லை. மறைத்தால் பாலிசியே ரத்தாகும். ஆனால் சின்ன வயதில் வந்த சளி வேறு, ஆறு மாதமாக ஒரு பக்கம் மூச்சு போகாதது வேறு. எது எப்போது தொடங்கியது என்று யோசித்துச் சரியாகச் சொல்ல வேண்டும். அட்மிஷன் பேப்பரில் அது சரியாக ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைக் கூட்டிப்போங்கள்.

இது தவிர 24 மாத விதி ஒன்று. புதிதாக பாலிசி எடுத்தால் காது, மூக்கு, தொண்டையின் சாதாரண நோய்களுக்கு முதல் இரண்டு வருஷம் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கு. மூக்கடைப்பு வந்த பிறகு பாலிசி எடுத்துப் பிரயோஜனம் இல்லை. பிரீமியத்துக்கு இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் நீக்கப்பட்டது தனி நபர் பாலிசிக்காரர்களுக்கு ஒரு ஆறுதல்.

கேஷ்லெஸ் என்றால் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் முதல் அனுமதி பற்றிச் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம். அதைத் தாண்டிக் காத்திருந்ததால் ஆஸ்பத்திரி கூடுதல் சார்ஜ் போட்டால் அதை கம்பெனிதான் ஏற்க வேண்டும். 2024 மே மாதம் ஆணையம் போட்ட உத்தரவு இது. காலையில் டிஸ்சார்ஜ் சொல்லி சாயந்தரம் வரை உட்கார வைத்தால் இதை எடுத்துச் சொல்லலாம்.

காசே இல்லாதவர்கள் எங்கே போவது?

சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய இடங்களில் காது, மூக்கு, தொண்டை பிரிவு உண்டு. இதே ஆபரேஷனை அங்கே பைசா வாங்காமல் செய்கிறார்கள். தேதி கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். தண்டு வளைவு காத்திருந்தால் கெட்டுப்போகும் நோய் இல்லை. அதனால் அவசரம் என்று பயமுறுத்தி யாராவது அட்வான்ஸ் கேட்டால் யோசிக்கணும்.

கம்பெனியில் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பலர் பணம் மட்டும் கட்டிவிட்டுக் கார்டை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். 2017 ஜனவரியில் சம்பள வரம்பு ரூ.21 ஆயிரமாக உயர்ந்தது. கே.கே.நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று தந்தால், தகுதியுள்ள தொழிலாளிக்கு வேலைக்குப் போகாத நாட்களுக்கு சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். தனியார் பாலிசியில் இது கிடையாது.

முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. இதில் கையில் கார்டு இருந்தால் மட்டும் போதாது. டாக்டர் எழுதிய அந்த ஆபரேஷன் பட்டியலில் உள்ளதா, அந்த ஆஸ்பத்திரிக்கு அதைச் செய்ய அனுமதி உண்டா என்று காப்பீட்டு கவுண்ட்டரில் முதலில் கேட்க வேண்டும். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம். முன் அனுமதி வராமல் ஆபரேஷன் முடிந்துவிட்டால் பிறகு பணம் வராது.

பஞ்சு வைத்த இரவு

ஆபரேஷன் முடிந்ததும் சிலருக்கு மூக்கில் பஞ்சு மாதிரி அடைப்பு வைப்பார்கள். ஒன்று இரண்டு நாள் வாயால்தான் மூச்சு. தூக்கம் வராது, தொண்டை காயும். சிலருக்கு உள்ளே பிளாஸ்டிக் தகடு வைத்து ஒரு வாரம் கழித்து எடுப்பார்கள். சில நாட்களுக்கு வீக்கத்தால் முன்னைவிட அடைப்பு அதிகம் தெரியும். ‘ஆபரேஷன் பெயிலாயிடுச்சு’ என்று பயப்பட வேண்டாம்.

மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஒன்றிரண்டு வாரம் மூட்டை தூக்குவது, குனிந்து பாரம் இழுப்பது கூடாது, ரத்தம் பொத்துக்கொள்ளும். தினக்கூலிக்காரருக்கு இந்த இரண்டு வாரமும் கூலி இல்லாத நாள். எந்த எஸ்டிமேட்டிலும் வராத செலவு இது. தேதி குறிக்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிற்காமல் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரண்டு பக்கமும் திடீரென்று அடைத்து, வலி ஏறி, காய்ச்சலும் வந்தால் அதுவும் அவசரம். உள்ளே ரத்தம் கட்டிச் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு கரைந்து மூக்கே இறங்கிவிடும். நடுச்சுவரில் ஓட்டை விழுவதும், கொஞ்ச காலம் வாசனை குறைவதும் எப்போதாவது நடக்கக்கூடியவை. சம்மதப் படிவத்தில் இதெல்லாம் எழுதியிருக்கும். இன்னொன்று, அலர்ஜி இந்த ஆபரேஷனால் போகாது. குறட்டையும் போயே தீரும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

ஆரோக்கிய சஞ்சீவனி போன்ற பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவும் கேட்டு வாங்கலாம். எண்டோஸ்கோபி, ஸ்கேன், பிறகு போய் மூக்கைச் சுத்தம் செய்த பில், மருந்துச் சீட்டு எல்லாம் இதில் வரும். இந்த பில்களைக் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம்.

கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002-ல் வந்த மருத்துவர் ஒழுக்க விதி. வரி வரியாகப் பிரித்த பில் கேட்பது நோயாளியின் உரிமை. பில் தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. காசு கட்டிப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி அநியாயமாக வெட்டினால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கம்பெனி கைவிரித்து ஒரு வருஷத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பாலிசி நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எண்டோஸ்கோபி ரிப்போர்ட், கம்பெனி வெட்டிய கணக்குத் தாள் இருந்தால் மனு போடலாம்.